வேலையோடு போன வெயில்

பணி ஓய்வுக்குப் பிறகு நம் பெரியவர்கள் பகல் வெளிச்சத்தை எப்படி இழக்கிறார்கள்? தூக்கம், மனம், நினைவு, எலும்பு என அந்த இழப்பு எங்கெல்லாம் போய் நிற்கிறது?

மே 31, மாலை நாலு மணி. தாலுகா அலுவலகக் கூட்ட அறையில் பணி நிறைவுப் பாராட்டு விழா. ஓய்வு பெறுபவர் கழுத்தில் சந்தன மாலை. தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து சால்வைகள். அந்த வெக்கையில் மனிதர் வியர்த்து வழிகிறார். சங்கத்துக்காரர் பேசுகிறார், தாசில்தார் பேசுகிறார், அவரிடம் வேலை பழகிய இளநிலை உதவியாளர் கண்கலங்கப் பேசுகிறார். எல்லோர் பேச்சும் ஒரே இடத்தில்தான் முடிகிறது: “இனிமேலாவது நல்லா ரெஸ்ட் எடுங்க சார்.” இனிப்பு, காரம், காபி. பிறகு அலுவலகமே திரண்டு ஜீப்பில் வீடு வரை கொண்டுபோய் விடுகிறது. வாசலில் ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்துப் போகிறார்கள்.

மறுநாள் காலை பத்து மணி. அனல் உள்ளே வராதிருக்க ஜன்னல்களைச் சாத்தித் திரையும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கூடத்தில் டியூப்லைட் எரிகிறது. டி.வி. ஓடுகிறது. நேற்று வரை இந்த நேரத்துக்கு அவர் பஸ் ஸ்டாப் வரை நடந்து, அங்கே கால் மணி நேரம் நின்று, இறங்கிய இடத்திலிருந்து மறுபடி நடந்து, அலுவலக வாசலில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இன்று கேட்டைத் தாண்டவில்லை. நாளையும் தாண்டப்போவதில்லை. “வெயில்ல எங்கப்பா கிளம்பறீங்க?” என்று பாசத்தோடு தடுக்கத்தான் வீட்டில் ஆள் இருக்கிறது.

மாதக் கடைசி வேலை நாள்தோறும் தமிழ்நாட்டில் இந்தக் காட்சி உண்டு. மே மாதத்தில் கூட்டம் அதிகம். பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டுவதற்காகத் தலைமை ஆசிரியரே மே மாதத்தில் ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொண்ட தலைமுறை இது. 58 ஆக இருந்த அரசு ஊழியர் ஓய்வு வயதைத் தமிழக அரசு 2020 மே மாதம் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர். பென்ஷன் பற்றியும் மருத்துவக் காப்பீடு பற்றியும் இவர்களிடம் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

சம்பளப் பட்டியலில் வராத சலுகை

குளிர்நாடுகளில் வெளிச்சப் பஞ்சம் வானத்திலிருந்தே வருகிறது. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அங்கே குளிர்காலம் தோறும் மனச்சோர்வு வந்து போவதை 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர் தனி நோயாக வரையறுத்தார். சென்னையில் ஆண்டின் மிகக் குட்டையான பகலே பதினோரு மணி இருபது நிமிடம் நீடிக்கிறது. நீண்ட பகலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் குறைவு.

ஆகவே நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. வெயிலுக்குள் போவதற்கான காரணம்தான் தீர்ந்துபோகிறது. முப்பது, முப்பத்தைந்து வருடம் அந்தக் காரணத்தை வேலை கொடுத்தது. எட்டரைக்குக் கிளம்பியே ஆக வேண்டும், மதியம் சாப்பிட வெளியே போக வேண்டும், ஐந்தே முக்காலுக்குத் திரும்ப வேண்டும். இதில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கண்ணில் பகல் வெளிச்சம் விழுந்தது. அதுவும் தினம் ஒரே நேரத்தில் விழுந்தது. அது ஒரு சலுகை என்று யாரும் சொல்லித்தரவில்லை. சம்பளப் பட்டியலில் அதற்குத் தனிப் பத்தி இருந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் அது நின்றபோதும் யாரும் கவனிக்கவில்லை.

மிச்சமிருந்த சின்னச் சின்ன வெளிவேலைகளையும் கைபேசி எடுத்துக்கொண்டது. கரண்ட் பில் கட்ட வரிசை வேண்டாம், பாஸ்புக்கில் வரவு பதிய வங்கிக்குப் போக வேண்டாம், மளிகை வாசலுக்கே வருகிறது. 2014 நவம்பரில் டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்த பிறகு, ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று காட்டவும் வெளியே போக வேண்டாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய உதவி. அதில் சந்தேகமே இல்லை. நடக்க முடிகிறவர்களுக்கோ, வாசலைத் தாண்ட இருந்த கடைசிக் காரணங்களும் ஒவ்வொன்றாகக் கழிகின்றன.

கண்ணுக்குள் ஒரு நேரமானி

வெளிச்சம் பார்ப்பதற்கு மட்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். விழித்திரையில் உருவம் பார்க்கும் செல்கள் இரண்டு வகை என்பது பழைய பாடம். 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழு மூன்றாவது வகையை நிரூபித்தது. இந்தச் செல்கள் உருவத்தைப் பார்ப்பதற்காக அமைந்தவை அல்ல. சுற்றுப்புறம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று அளப்பதே இவற்றின் முதன்மை வேலை. மெலனாப்சின் என்ற நிறமி இவற்றில் இருக்கிறது. பகல் வானத்தின் நீலத்துக்கு அது அதிகமாகத் தூண்டப்படுகிறது. அளந்த கணக்கை மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சிறு முடிச்சுக்கு அனுப்புகின்றன. அந்த முடிச்சுதான் உடலின் தலைமைக் கடிகாரம். தூக்கம், உடல் வெப்பம், ரத்த அழுத்தம், பசி, கார்ட்டிசால் சுரப்பு எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பது அது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. மனிதரில் அது சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடிக்கிறது என்று 1999இல் ஹார்வர்டில் அளந்தார்கள். தினமும் திருத்தாவிட்டால் தள்ளிக்கொண்டே போகும். திருத்துகிற கை, பகல் வெளிச்சம்.

இந்த அறிவியலில் மதுரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அது நம் பாடப்புத்தகங்களுக்கு வராதது எனக்கு வருத்தம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உடல் கடிகார ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளியையே உருவாக்கினார். நாள், நேரம் தெரியாதபடி மனிதரைத் தனியறையில் வைத்து ஆராயும் வசதியும் அங்கே இருந்தது. அவரும் ஜி. மாரிமுத்து உள்ளிட்ட மாணவர்களும் மதுரையை அடுத்த மலைக்குகைகளில் வௌவால்களைக் கவனித்து 1981இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் ஒரு வௌவாலை வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் சுதந்திரமாக அந்தியில் வெளியேறி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலும் நேரம் பிசகாமல் விழித்தது. வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நாள் வழி தவறிப் போனது. தான் வெளிச்சத்தைப் பார்க்காவிட்டாலும், பார்த்துவிட்டு வருகிற கூட்டத்தின் போக்குவரத்து அதற்கு நேரம் காட்டியிருக்கிறது.

மனிதரில் வெளிச்சத்தின் பிடி இன்னும் வலுவானது. ஆனாலும் ஓய்வு பெற்றவர் வீட்டில் பகலில் நடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் படித்ததில்லை. மகன் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போய்விட்ட அடுக்குமாடி வீட்டில் வெளிச்சமும் இல்லை, போகிற வருகிற கூட்டமும் இல்லை.

▣ வெளிச்சக் கணக்கு

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்.

நண்பகல் திறந்த வெயில்: 1,00,000 லக்ஸ் வரை
மேகம் மூடிய பகல், திறந்தவெளியில்: சில ஆயிரம் முதல் 10,000 வரை
வெயில் நாளில் மரநிழல்: பல ஆயிரம்
டியூப்லைட் எரியும் கூடம்: 100 முதல் 300
திரை போட்ட அறை: பெரும்பாலும் 50க்கும் கீழ்
முழுநிலா: 1 லக்ஸைத் தொடாது

நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிக்கொள்வதால், கூடத்துக்கும் வாசலுக்கும் இருக்கும் இந்த நூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. பகலில் கண்ணுக்கு வந்து சேர வேண்டிய குறைந்தபட்ச வெளிச்சத்தை உலக வல்லுநர்கள் ஒன்றுகூடி நிர்ணயித்து 2022இல் வெளியிட்டார்கள். அந்த அளவைத் திரை போட்ட கூடம் எட்டுவதில்லை. திண்ணை எளிதாகத் தாண்டிவிடும்.

முதலில் கெடுவது தூக்கம்

வயதானால் கடிகாரம் இயல்பாகவே சற்று முன்னால் நகர்கிறது. எட்டு மணிக்கே கண் சொருகும், விடிகாலை மூன்றுக்கே விழிப்பு வந்துவிடும். பகல் முழுக்க மங்கிய அறையில் இருந்தால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே உடலுக்குப் பிடிபடாமல் போகிறது. இரவில் சுரக்க வேண்டிய தூக்க ஹார்மோனான மெலட்டோனின் மந்தமாகிறது. பத்தரைக்குப் பேப்பரோடு ஒரு கண்ணயர்வு, சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் தூக்கம். இரவில் துண்டு துண்டாக விழிப்பு. ‘வயசானா இப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். தூக்க மாத்திரை தொடங்குகிறது. மாத்திரை மயக்கத்தில் நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிடுகிறவர்களை எலும்பு மருத்துவர்கள் வாரம் தவறாமல் பார்க்கிறார்கள். முறிந்த எலும்பில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனால் பல வீடுகளில் இந்தச் சங்கிலி, சாத்திய ஜன்னலில் போய் முடியும்.

தூக்கத்துக்கு அடுத்து மனம். இங்கிலாந்தில் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், வெளிவெளிச்சத்தில் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் மனச்சோர்வுக்கான வாய்ப்பு குறைந்து காணப்பட்டது. காலையில் எழுவது எளிதாக இருந்தது. மனச்சோர்வு வந்தவர்கள் வெளியே போக மாட்டார்கள், அதனாலும் இப்படித் தெரியலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக நெதர்லாந்தில் செய்த சோதனையைச் சொல்வேன். முதியோர் இல்லங்கள் 12, அங்கே இருந்தவர்கள் 189 பேர், பெரும்பாலும் எண்பதைத் தாண்டியவர்கள், பலருக்கு நினைவிழப்பு நோய். சில இல்லங்களில் பொதுக்கூடத்தின் மேல்விளக்குகளைப் பகல் முழுக்க சுமார் 1,000 லக்ஸ் அளவுக்குப் பிரகாசமாக்கினார்கள். மற்றவற்றில் வழக்கம்போல 300தான். எந்த இல்லத்துக்கு எந்த விளக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. பிரகாசமான இல்லங்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைந்திருந்தன. நினைவுத் திறன் சரிவதும் சற்றே மட்டுப்பட்டிருந்தது. நோய் தீரவில்லை, ஆனால் விளக்கை மாற்றியதற்கே இவ்வளவு பலன். நம் ஊர் முதியோர் இல்லங்களில் பகல் கூடத்துக்கு நேர் வெளிச்சம் வருகிறதா என்று, அம்மா அப்பாவைச் சேர்க்கப் போகிற பிள்ளைகள் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஓய்வே கெடுதலா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘ரிட்டையர் ஆனா சீக்கிரம் போயிடுவாங்க’ என்ற பயம் நம்மிடம் நிறைய உண்டு. பிரான்சின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14,000க்கும் அதிகமானோரை ஓய்வுக்கு முன்னும் பின்னும் ஏழேழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஓய்வு பெற்றதும் தூக்கக் கோளாறு கூடவில்லை, குறைந்தது. தங்கள் உடல்நலம் பற்றி அவர்களே சொன்ன மதிப்பீடும் மேம்பட்டது. அவர்களுக்குக் கைநிறைய ஓய்வூதியம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலதிகாரியின் கெடுபிடி, டார்கெட், இரவு ஷிப்ட் இவற்றிலிருந்து விடுபடுகிற உடல் நிம்மதி அடையத்தான் செய்யும்.

இன்னொரு பக்கமும் உண்டு. லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் ஆய்வில், ஓய்வுக்குப் பின் சொற்களை நினைவில் வைக்கும் திறன் முன்பைவிட 38 சதவீதம் வேகமாகச் சரிந்தது தெரிந்தது. ஓய்வு நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் ஆகவே எங்கும் போய்ச் சேராது. வேலையோடு சேர்ந்து எதெது போனது, அதில் எதைத் திரும்பப் பெற முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பதவியைத் திரும்பப் பெற முடியாது. காலை வெளிச்சத்தைப் பெறலாம், காசில்லாமல்.

▣ கண்ணுக்கு ஒரு வெயில், தோலுக்கு ஒரு வெயில்

‘காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி’ என்று குடும்பக் குழுக்களில் அடிக்கடி வருகிறது. பாதிதான் சரி. வைட்டமின் டி தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் தேவை. சூரியன் தாழ்வாக இருக்கும் ஆறரை, ஏழு மணிக்கு அது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதிய அளவு இறங்கும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். வயதான தோல், இளம் தோல் உண்டாக்கும் அளவில் பாதிகூட உண்டாக்காது. ஆகவே அறுபதைக் கடந்தவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுப்பதே பத்திரம்.

காலை இளவெயில் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அது கண் வழியாக உடல் கடிகாரத்துக்குப் போகிற வெயில். மரநிழலில் உட்கார்ந்தாலும் கிடைக்கும். சூரியனை நேரே பார்க்கவே கூடாது.

திரை விழுந்த கண்

வெளியே போயும் வெளிச்சம் உள்ளே போகாத நிலை ஒன்று உண்டு. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிறது, பாவை சுருங்குகிறது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். கடிகாரச் செல்கள் எதிர்பார்க்கும் நீலம்தான் மஞ்சள் லென்ஸில் அதிகமாகத் தடுக்கப்படுகிறது. கண்புரை விழுந்தால் இன்னும் மோசம். புரை நீக்கிய பிறகு பார்வையோடு தூக்கமும் மேம்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்வது இதனால்தான். ‘படிக்கத்தான் முடியுதே, ஆபரேஷன் எதுக்கு’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புரை அறுவைச் சிகிச்சையை ஏழைக்கும் எட்ட வைத்த கதை ஒரு பணி ஓய்விலிருந்துதான் தொடங்கியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் அரசு மருத்துவப் பணியிலிருந்து 1976இல், 58 வயதில், ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தவர் அவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எல்லோரும் இன்னொரு அரவிந்த் தொடங்க முடியாது. அதை எதிர்பார்ப்பது கொடுமையும்கூட. ஆனால் மறுநாள் காலை போக ஓர் இடம் அவருக்குத் தயாராக இருந்தது என்பதை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

அலுவலகத்திலிருந்து அடுக்களைக்கு

ஆணுக்கு ஓய்வு என்பது நாற்காலி. ஆசிரியையாகவோ செவிலியராகவோ எழுத்தராகவோ இருந்து ஓய்வு பெறும் பெண்ணுக்கு அது பெரும்பாலும் அடுக்களை. ‘இனி வீட்டோடு இருப்பாங்க’ என்றதும் பேரக்குழந்தையும் மூன்று வேளைச் சமையலும் முழுதாக அவர் தலையில் வருகின்றன. அவருக்கு வேலை ஓயவில்லை, வெளியே போவதுதான் ஓய்ந்தது. நம் அடுக்குமாடி வீடுகளில் மிக இருட்டான இடம் சமையலறை. பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்த சின்ன ஜன்னல், பகலிலும் விளக்கு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. வைட்டமின் டி குறைவு அதன்மேல் ஏறுகிறது. பூங்காக்களில் காலையில் ஆண்கள் கூட்டமே அதிகம் தெரிவதற்குக் காரணம் ஆறரை மணிக்கு அந்தப் பெண்கள் அடுப்படியில் நிற்பதுதான். காலை டிபன் வேலையை அரை மணி நேரம் வேறொருவர் எடுத்துக்கொள்ளாத வீட்டில், ‘வாக்கிங் போங்கம்மா’ என்று சொல்வதில் பயனில்லை.

ஓய்வு பெற்றவர்கள் காக்கும் இரவு

இந்தக் கட்டுரையில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதி. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மில்லிலும் பட்டறையிலும் தேய்ந்து வெளியே வந்தவருக்கு அது வாடகைக்கும் காணாது. ஆகவே அறுபதுக்குப் பிறகு அவர் காவலாளிச் சீருடை போடுகிறார். ஏ.டி.எம். வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பு வாயிலில், பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி. கடிகாரம் ஏற்கெனவே தளர்ந்துபோன வயதில், இரவெல்லாம் வெளிச்சத்திலும் பகலெல்லாம் தகரக்கூரை அறையின் அரைகுறைத் தூக்கத்திலும் கழிகிறது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் பணியை, ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலில் 2007இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது. 2019இல் மறுபடி உறுதி செய்தது.

அரசால் செய்யக்கூடியது ஓய்வூதியத்தை வாழும்படி உயர்த்துவது. குடியிருப்புச் சங்கங்கள் இந்த மாதமே செய்யக்கூடியதும் உண்டு. அறுபதைத் தாண்டிய காவலாளிக்குப் பகல் ஷிப்ட் கொடுங்கள். முடியாதென்றால், வாரத்துக்கு வாரம் பகலும் இரவுமாக மாற்றி அலைக்கழிக்காமல் ஒரே ஷிப்டாக வைத்து, பகலில் தூங்க இருட்டான, காற்றோட்டமான அறையாவது கொடுங்கள்.

வயற்காட்டிலும் நூறு நாள் வேலையிலும் இருப்பவர்களுக்கு வெயில் குறையவே குறையாது, ஓய்வுதான் கிடையாது. 2023இல் தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்திய பிறகும் எழுபது வயதில் களை பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பகல் வெளிச்சம் நல்லது என்ற பேச்சை அவர்களிடம் கொண்டுபோகும் உரிமை யாருக்கும் இல்லை.

பெஞ்ச் எங்கே?

மதுரை வண்டியூர் தெப்பக்குளம், கோவை ரேஸ் கோர்ஸ், சென்னை மயிலாப்பூரின் நாகேஸ்வர ராவ் பூங்கா என எந்த ஊரிலும் காலை ஆறு மணிக்குப் பெரியவர்கள் கூடும் இடம் ஒன்று உண்டு. நடை முடிந்து வட்டமாக உட்கார்ந்து அரசியல் பேசும் அந்த அரை மணி நேரம், நடையைவிடக் குறைந்த மருந்தில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் எழுபது வயது முழங்காலுக்கு 8 கிலோமீட்டர் தேவையில்லை. இருநூறு மீட்டருக்கு ஒரு நிழல் பெஞ்ச், பூட்டாத கழிப்பறை, தண்ணீர், தடுக்கி விழாத தரை. சிறுநீர் அடிக்கடி வரும் என்ற கூச்சத்தாலேயே வீட்டுக்குள் அடைந்துவிடும் பெரியவர்கள் ஏராளம். கழிப்பறை ஒன்றைத் திறந்து வைத்தால் பத்து முதியவர்கள் வெயிலுக்கு வருவார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

காலை எட்டரைக்குள் அரை மணி நேரமாவது திறந்தவெளி. நடக்க முடியாவிட்டால் மொட்டைமாடியிலோ வாசலிலோ நாற்காலி போட்டு அங்கே காபியும் பேப்பரும். சாயங்காலம் ஏழரைக்கே தூங்கிவிழுந்து அதிகாலை மூன்றுக்கு விழிக்கிறவர்களுக்குக் காலை வெளிச்சத்தைவிட மாலை ஐந்து மணி வெளிச்சம் அதிகம் உதவும். அது கடிகாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணி முதல் நாலு மணி வரை வெளியே அனுப்பவே வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெக்கையில் நீர்ச்சத்து சீக்கிரம் இறங்கிவிடும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெக்கை அடிக்கும் திசை ஜன்னலைச் சாத்திவிட்டு, வடக்கு ஜன்னலைத் திறந்து அதனருகே நாற்காலியை இழுத்துப்போட்டால் அனல் இல்லாத வெளிச்சம் கிடைக்கும். பகல் தூக்கம் அரை மணி போதும்.

இரவு எதிர்த்திசை. படுக்கும் முன் மூன்று மணி நேரம் வெளிச்சத்தைத் தணிக்க வேண்டும் என்கிறது 2022 வல்லுநர் பரிந்துரை. சீரியல் ஓடட்டும், கூடத்து வெள்ளை விளக்கை மட்டும் அணைத்து மஞ்சள் விளக்குப் போடுங்கள். பாத்ரூம் வழியில் முழு இருட்டு ஆபத்து. தரையை ஒட்டி மங்கிய சிவப்பு விடிவிளக்கு இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கும் மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசாமல் ஒருவர் இருந்தால் வெளிச்சத்தை மட்டும் நம்ப வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

ஓய்வுக்குச் சில மாதம் முன்பே பென்ஷன் புரபோசல் தயாராகிறது. காலையில் போய்ச் சேர ஓர் இடத்தையும், போகாவிட்டால் ‘ஏன் வரலை’ என்று போன் போடும் ஓர் ஆளையும் அப்போதே தேடிக்கொள்ள வேண்டும். நூலகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பழைய பள்ளி நண்பர், எதுவானாலும் சரி.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று. பெற்றோரை வீடியோ காலில் அழைப்பது பெரும்பாலும் நம் இரவு ஒன்பது மணிக்கு மேல். நியூஜெர்சியில் கோடை இரவு ஒன்பதரை என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு மணி. அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். மொட்டைமாடிக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள்.